பாதியில் நின்ற விண்கலம்

பதினான்கே எபிசோட்களோடு நிறுத்தப்பட்ட ஒரு அமெரிக்க விஞ்ஞானத் தொடர். அதை ஒரு முறை சரியான வரிசையிலும் இன்னொரு முறை தவறான வரிசையிலும் பார்த்த ஒரு ரசிகையின் அனுபவம்.

2002 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒரு பழைய விண்கலம் பயணிகளை ஏற்றிக்கொள்கிறது. ஒரு பாதிரியார் வருகிறார். பயணக் கட்டணத்தோடு ஒரு சிறிய பெட்டியையும் நீட்டுகிறார். உள்ளே ஸ்ட்ராபெரிப் பழங்கள். கலத்தின் மெக்கானிக் பெண் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவைக்கிறாள். ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்கள். ஒரு தொடரின் முதல் எபிசோடுக்கு வேண்டிய லட்சணங்கள் எல்லாம் அதில் இருந்தன.

ஒரே ஒரு சிக்கல். ஃபாக்ஸ் ஒளிபரப்பிய கடைசி எபிசோட் அதுதான். தொடரை நிறுத்துவதென்று அதற்குள் முடிவாகிவிட்டது. அறிமுகமாகும்போதே விடைபெற்றுக்கொண்ட அந்தத் தொடரின் பெயர் 'ஃபயர்ஃபிளை'. தமிழில் சொன்னால் மின்மினி. பின்புறம் ஒளிர்ந்துகொண்டு பறக்கும் ஒரு ரக விண்கலத்துக்கு வைத்த பெயர் அது.

எடுக்கப்பட்டவை 14 எபிசோட்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 20 முதல் டிசம்பர் 20 வரை வெள்ளிக்கிழமைகளில் ஒளிபரப்பானவை 11. அவையும் எழுதியவர்கள் நினைத்த வரிசையில் அல்ல. மிச்சம் மூன்றை ஃபாக்ஸ் அப்போது காட்டவே இல்லை. அந்தப் பதினான்கை நான் இரண்டு முறை, இரண்டு வரிசைகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் குறிப்பெடுத்தேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு நோட்டுப் புத்தகம் இல்லாமல் எதையும் பார்க்கத் தெரியாது. அந்த நோட்டைப் புரட்டினால் இரண்டு வேறு தொடர்களைப் பற்றி எழுதியதுபோல் இருக்கிறது.

தம்பி அனுப்பிய பெட்டி

2009 கோடை. தில்லியில் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை திடீரென்று மூடப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையில் நிறையப் பொழுது, மனதில் நிறையக் கசப்பு. பெங்களூரிலிருந்து தம்பி ஒரு டிவிடி பெட்டியை அனுப்பிவிட்டு போனில் சொன்னான்: "இதப் பாரு அக்கா. ஆனா ஒரே ராத்திரியில முடிச்சிடாத. பதினாலுதான் இருக்கு. அதுக்கு மேல கிடையாது."

2003 டிசம்பரில் வெளிவந்த அந்த டிவிடி பெட்டியில் எபிசோட்கள் உரிய வரிசையில் இருந்தன. எனவே என் முதல் அனுபவம் முறையானது. இரவுக்கு ஒன்று என்று பார்த்தேன்.

கதை நடப்பது 2517ல். பூமி கொள்ளாமல் போய் மனித இனம் வேறொரு நட்சத்திரக் குடும்பத்தில் குடியேறிவிட்டது. நடுவிலுள்ள பணக்காரக் கிரகங்கள் 'அலையன்ஸ்' என்ற ஆட்சியின் கீழ் இருக்கின்றன. விளிம்பிலுள்ள ஏழைக் கிரகங்கள் அந்த ஆட்சிக்கு அடங்க மறுத்துப் போரிட்டுத் தோற்றுப்போயின. தோற்ற பக்கத்தில் சார்ஜெண்டாக இருந்த மால் ரெனால்ட்ஸ், போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பழைய கலத்தை ஓட்டிப் பிழைக்கிறான். கடத்தல், சில்லறைத் திருட்டு, கிடைத்தால் நேர்மையான சரக்கு. கலத்துக்கு அவன் வைத்த பெயர் 'செரினிட்டி'. அமைதி என்று பொருள். அது அவன் தோற்ற போர்க்களத்தின் பெயரும்கூட.

தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனுக்கு இந்த எண்ணம் வந்தது மைக்கேல் ஷாராவின் 'தி கில்லர் ஏஞ்சல்ஸ்' என்ற நாவலைப் படித்தபோது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றிய கதை அது. போருக்குப் பின் தோற்றவர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்ற கேள்வியை அவர் விண்வெளிக்குக் கொண்டுபோனார். அதனால்தான் இந்த விஞ்ஞானத் தொடரில் குதிரைகளும் மாட்டு மந்தையும் வருகின்றன. வேற்றுக்கிரகவாசிகள் கிடையாது. விண்வெளிக் காட்சிகளில் வெடிச்சத்தமும் கிடையாது. காற்றில்லாத இடத்தில் ஓசை ஏது என்ற பள்ளிக்கூடப் பாடத்தை மதித்த அபூர்வமான தொடர் இது.

கலத்தில் ஒன்பது பேர். மால், அவனோடு போரிட்ட ஸோயி, அவள் கணவனும் கலத்தை ஓட்டுபவனுமான வாஷ், பெண் பெயர் கொண்ட முரடன் ஜேன், மெக்கானிக் கெய்லி ('கேலி' என்றுதான் உச்சரிக்க வேண்டும். தமிழில் எழுதினால் பொருள் கெட்டுவிடும்). கலைகளிலும் பயிற்சி பெற்று, சமூகத்தில் மாலைவிட உயர்ந்த மதிப்போடு வாழும் கணிகை இனாரா, பாதிரியார் புக், டாக்டர் சைமன், அவன் தங்கை ரிவர். பதினேழே வயதான ரிவர் மகா புத்திசாலி. அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்று அவள் மூளையைக் கீறிப் பார்த்திருக்கிறது. அவளை மீட்பதற்காகத் தன் பணம், பதவி, எதிர்காலம் அனைத்தையும் உதறியவன் அண்ணன்.

முதல் எபிசோடில் கெய்லியின் வயிற்றில் குண்டு பாய்கிறது. டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறான். ஆனால் 'கலத்தைத் திருப்பி அலையன்ஸிடமிருந்து தப்பி ஓடினால்தான் சிகிச்சை' என்கிறான். அன்றிரவு நான் நோட்டில் எழுதியது: "இவன் டாக்டரா, கசாப்புக்காரனா?" சற்று நேரத்தில் அவன் கொண்டுவந்த பெட்டி திறக்கிறது. உள்ளே உறைநிலையில் அவன் தங்கை. கோபம் தீரவில்லை. ஆனால் யார்மீது கோபப்படுவது என்பது குழம்பிவிட்டது. இந்தக் குழப்பத்தோடுதான் அடுத்த பதின்மூன்று இரவுகளையும் பார்த்தேன்.

பதினான்கு இரவுகள்

'ஷிண்டிக்' எபிசோடில் கெய்லி ஒரு கடை ஜன்னலில் ரோஸ் நிறக் கவுனைப் பார்த்து ஏங்குகிறாள். சுருக்கம் சுருக்கமாக, அடுக்கடுக்காக, யாருக்குமே பொருந்தாத கவுன். பிறகு அதைப் போட்டுக்கொண்டு பணக்காரர்களின் நடன விருந்துக்குப் போகிறாள். சீமாட்டிகள் ஏளனம் செய்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இளைஞர் கூட்டமே அவளைச் சூழ்ந்து நிற்கிறது, விண்கல எஞ்சின்களைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்க. அந்த எபிசோடில் வாள் சண்டையும் உண்டு. எனக்கு நினைவிருப்பது கவுன்தான்.

'சேஃப்' எபிசோடில் ஒரு மலைக்கிராமத்தார் டாக்டர் வேண்டும் என்பதற்காக சைமனையும் ரிவரையும் கடத்திப்போகிறார்கள். மனதில் உள்ளதை ரிவர் சொல்லிவிட, சூனியக்காரி என்று கம்பத்தில் கட்டி எரிக்கத் துணிகிறார்கள். தடுக்க முடியாத அண்ணன் தானும் மேடையேறி அவளைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அன்றிரவு தூக்கம் வராமல் தம்பிக்குப் போன் செய்தேன். மணி பன்னிரண்டு. "சேஃப் பாத்துட்டியா?" என்று கேட்டான். 'ஹலோ' சொல்லவில்லை.

ஏழாவது எபிசோட் 'ஜேன்ஸ்டவுன்' தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படாத கதை. சேறு அள்ளும் கூலிகள் வாழும் ஊரில் முரடன் ஜேனுக்கு ஒரு சிலை நிற்கிறது. பாட்டும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் அதிகாரியிடம் கொள்ளையடித்துத் தப்பியபோது, கலத்தின் எடையைக் குறைக்க ஜேன் பணப்பெட்டியைக் கீழே தள்ளியிருக்கிறான். அது கூலிகள் தலையில் கொட்டியது. வள்ளல் தங்களுக்காகவே வாரி வழங்கினார் என்று ஊர் நம்பிவிட்டது. கடைசியில் உண்மை வெளிப்பட்ட பிறகும், ஒரு இளைஞன் ஜேன்மீது பாய வேண்டிய குண்டைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறான். ஜேன் வெறியோடு சிலையைத் தள்ளி உடைக்கிறான். இனி அந்த ஊரார் சிலையை மறுபடி நிறுத்துவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பார்க்கிற நமக்கும் தெரியும். ரசிகர்களைப் பற்றி ஒரு தொடர் சொல்லக்கூடிய கசப்பான உண்மை இது. இந்தத் தொடரின் ரசிகர்களே அதைக் கொண்டாடுகிறார்கள் என்பது தனி வேடிக்கை.

எட்டாவது 'அவுட் ஆஃப் கேஸ்'. என் கணக்கில் இதுதான் சிகரம். எஞ்சினில் ஒரு சிறிய பாகம் போய்விடுகிறது. கலத்தில் இன்னும் சில மணி நேரத்துக்குத்தான் காற்று. மற்றவர்களை இரண்டு சிறு ஓடங்களில் அனுப்பிவிட்டு மால் தனியே தங்குகிறான். குண்டடிபட்டு, கையில் மாற்றுப் பாகத்தோடு, எஞ்சின் அறையை நோக்கி ஊர்ந்து போகிறான். ஊர்ந்து போகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பழைய நினைவு வருகிறது. ஸோயி கலத்தை முதன்முதலில் பார்த்தது, வாஷ் வேலைக்குச் சேர்ந்தது, முந்தைய மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாத எஞ்சினைக் கெய்லி சரிசெய்து அந்த வேலையையே வாங்கிக்கொண்டது. கடைசி நினைவில் ஒரு பழைய கலங்கள் விற்கும் வியாபாரி ஏதோ ஒன்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான். மாலின் கண் அதில் இல்லை. தூரத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த வேறொன்றில் நிலைக்கிறது. அந்தப் பார்வையோடு எபிசோட் முடிகிறது.

நோட்டில் அன்றைக்கு ஒரே வரி: "இவர்கள் இப்போது என் வீட்டு மனிதர்கள்."

அதற்கடுத்த 'ஏரியல்' அதனால்தான் வலித்தது. ஜேன் பணத்துக்காக சைமனையும் ரிவரையும் காட்டிக்கொடுக்கிறான். மால் கண்டுபிடித்து, அவனை விண்வெளியில் தள்ளிவிடக் கதவைத் திறக்கிறான். உயிர்ப்பிச்சை கேட்டு அலுத்துப்போன ஜேன் கடைசியில் வேறொன்று கேட்கிறான்: நான் ஏன் செத்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லாதே, ஏதாவது பொய் சொல்லிவிடு. வெட்கம் என்று ஒன்று அவனுக்கும் உண்டு என்று தெரிந்ததும் கதவு மூடுகிறது.

'வார் ஸ்டோரீஸ்' எபிசோடில் ஒரு கொடியவன் மாலையும் வாஷையும் பிடித்துச் சித்திரவதை செய்கிறான். மீட்கப் பணத்தோடு வரும் ஸோயியிடம், தலைவனா கணவனா, யார் வேண்டும் தேர்ந்தெடு என்று ஆரம்பிக்கிறான். அவன் கேள்வியை முடிப்பதற்குள் அவள் கணவனைச் சுட்டிக்காட்டிவிடுகிறாள். நம்மூர்த் தொடராக இருந்தால் அந்த முடிவுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கும்.

'தி மெசேஜ்' படமாகிக்கொண்டிருந்தபோதுதான் தொடர் ரத்தான செய்தி படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தது. அந்த எபிசோட் முடிவது ஒரு சவ அடக்கத்தோடு. பனியில் எல்லாரும் நிற்கிறார்கள். இசையமைப்பாளர் கிரெக் எட்மன்சன் அந்தக் காட்சிக்கு எழுதிய இசை, தொடருக்கே அவர் சொன்ன பிரியாவிடை. இது தெரிந்து பார்ப்பவர்களுக்கு நடிப்பது எது, அழுவது எது என்று பிரிப்பது கஷ்டம்.

பதினான்காவது 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' எபிசோடின் முடிவில் கெய்லியும் ரிவரும் தரையில் உட்கார்ந்து பந்தைத் தட்டிக் காய் அள்ளி விளையாடுகிறார்கள். நம்மூர் சொட்டாங்கல் மாதிரியான ஆட்டம். அதோடு பெட்டி தீர்ந்தது.

ஒரு குறையையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அமெரிக்காவும் சீனாவும் கலந்து உருவான எதிர்காலம் என்கிறார்கள். பாத்திரங்கள் கோபம் வந்தால் சீன மொழியில் திட்டுகிறார்கள். தணிக்கையிலிருந்து தப்ப நல்ல உபாயம்தான். தில்லித் தமிழர்கள் வீட்டில் தமிழ் பேசிவிட்டு டிராஃபிக்கில் ஹிந்தியில் திட்டுவதைக் கேட்டவர்களுக்கு அது இயல்பாகவே படும். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒரு சீன முகம்கூட இல்லை. மொழியை எடுத்துக்கொண்டு அதைப் பேசும் மனிதர்களை வெளியே விட்டுவிட்டார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கண்ணில் உறுத்தாமல் இருக்காது.

தவறான வரிசையில்

2020ல் ஊரடங்கின்போது ஒரு விஷப்பரீட்சை செய்து பார்த்தேன். 2002ல் ஒரு அமெரிக்கக் குடும்பம் எந்த வரிசையில் பார்த்ததோ அதே வரிசையில் பார்ப்பது.

இரண்டு மணி நேர முதல் எபிசோட் ஃபாக்ஸ் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் போகிறது, அடிதடி போதாது என்பது புகார். புதிதாக ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். வீடனும் டிம் மினியரும் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து எழுதியதுதான் 'தி டிரெய்ன் ஜாப்'. அதுவே முதலில் ஒளிபரப்பானது. ரயில் கொள்ளை, சண்டை எல்லாம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. கொள்ளையடித்த பெட்டிகளில் இருப்பது ஒரு சுரங்க ஊரின் நோயாளிகளுக்கான மருந்து என்று தெரிந்ததும் மால் திருப்பிக்கொடுக்கிறான். நல்ல கதை.

ஆனால் அந்தப் பெண் ரிவர் யார், ஏன் அலறுகிறாள், அந்த டாக்டர் ஏன் எல்லாரிடமும் பயந்து பழகுகிறான்? எல்லாம் போகிற போக்கில் இரண்டு மூன்று வசனங்களில் சொல்லப்படுகிறது. கெய்லி சைமனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் உயிரைப் பேரம் பேசியவன் அவன், அதையும் மன்னித்த சிரிப்பு அது என்பது தெரியாதவருக்கு அது வெறும் சிரிப்பு.

'அவுட் ஆஃப் கேஸ்' ஐந்தாவது வாரம், அக்டோபர் 25 அன்று வந்துவிடுகிறது. கலத்தில் ஒவ்வொருவரும் சேர்ந்த கதையைச் சொல்லும் எபிசோட் அது. அவர்களோடு நமக்குப் பழக்கம் ஏற்படும் முன்னரே பழைய நினைவுகளைக் கிளறுகிறது. கல்யாண ஆல்பத்தை முன்பின் தெரியாதவரிடம் காட்டுவதுபோல. ஊர்ந்து போகும் மாலைப் பார்த்தேன். எல்லாம் அதேதான், அதே நடிப்பு, அதே இசை. பழைய நோட்டில் எழுதிய வரியை மறுபடி எழுதக் கை வரவில்லை.

நடுவில் அக்டோபர் 11 அன்று பேஸ்பால் ஆட்டத்துக்காகத் தொடருக்கு விடுமுறை. நவம்பர் 15க்குப் பின் டிசம்பர் 6 வரை ஒன்றுமே இல்லை. இதையும் விடாமல், அதே இடைவெளி விட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து உட்கார்ந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. 2002ல் நான் அமெரிக்காவில் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ரசிகை ஆகியிருக்கவே மாட்டேன்.

ஃபாக்ஸின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. விண்கலமும் குதிரையும் கலந்த தொடர் செலவு பிடித்தது. சராசரியாக 47 லட்சம் பேர் பார்த்தார்கள். நமக்குப் பெரிய எண்ணாகத் தெரியலாம். அமெரிக்க நெட்வொர்க் கணக்கில் அது போதாது. கூட்டம் வராத படத்தைத் தியேட்டர்காரர் எடுத்துவிடுவதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரீல்களை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, கூட்டம் வரவில்லை என்று படத்தின்மீது பழி போடலாமா?

கதை என்பது கடையில் அடுக்கும் சரக்கு அல்ல, பளபளப்பானதை முன்னால் வைப்பதற்கு. ஒரு மனிதன்மீது நம்பிக்கை படிப்படியாகத்தான் வருகிறது. முதலில் கோபம், பிறகு சந்தேகம், பிறகு சிரிப்பு, கடைசியில் பாசம். வரிசையைக் கலைத்தால் சம்பவங்கள் மிஞ்சும், பாசம் மிஞ்சாது. இரண்டு நோட்டுக் குறிப்புகளையும் ஒப்பிட்டபோது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

ரத்தான தொடருக்காக ரசிகர்கள் கொடி பிடிப்பது அமெரிக்காவில் புதிதல்ல. 1967-68ல் 'ஸ்டார் டிரெக்' நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியதும் கடிதங்கள் மூட்டை மூட்டையாக என்பிசி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தொடருக்கு மூன்றாம் ஆண்டு கிடைத்தது. 79 எபிசோட்களோடு 1969ல் நிறுத்தப்பட்டாலும், அதன் வம்சம் திரைப்படங்களாகவும் புதிய தொடர்களாகவும் இன்னும் தழைக்கிறது.

'ஃபயர்ஃபிளை' ரசிகர்கள் தங்களை 'பிரவுன்கோட்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். கதையில் போரில் தோற்றவர்கள் அணிந்த பழுப்புக் கோட்டின் பெயர். தோற்றவர்களின் பெயரைச் சூட்டிக்கொண்டது பொருத்தமாகவே அமைந்தது. சந்தா வசூலித்து, சினிமாத் தொழில் பத்திரிகையான 'வெரைட்டி'யில் விளம்பரம் கொடுத்தார்கள். தொடரை எடுத்து நடத்தச் சொல்லி யுபிஎன் என்ற இன்னொரு நெட்வொர்க்குக்குத் தபால் அட்டைகள் அனுப்பினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

பலித்தது டிவிடி. எபிசோட்கள் சரியான வரிசையில் கிடைத்ததும், முன்பு பார்க்காதவர்கள்கூட வாங்கினார்கள். விற்பனையைப் பார்த்து யூனிவர்சல் நிறுவனம் திரைப்படம் எடுக்கத் துணிந்தது. நெட்வொர்க்கில் 14 எபிசோட் தாண்டாத ஒரு தொடருக்குப் பெரிய ஸ்டூடியோ திரைப்படம் எடுப்பது நடக்கிற காரியமா? நடந்தது. 2005 செப்டம்பர் 30 அன்று 'செரினிட்டி' வெளியாயிற்று. செலவு சுமார் 4 கோடி டாலர். உலகெங்கும் வசூலும் ஏறத்தாழ அவ்வளவே. அடுத்த ஆண்டு விஞ்ஞானப் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. அடுத்த படம் கிடைக்கவில்லை.

2007 ஜூனில் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற நாசா விண்வெளி வீரர் 'ஃபயர்ஃபிளை', 'செரினிட்டி' டிவிடிகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஃபாக்ஸ் தரையிறக்கிய கலம் நிஜமாகவே பூமியைச் சுற்றியது. ரசிகர்கள் இதைச் சொல்லும்போது குரலில் தெரியும் பெருமிதம், சொந்தப் பிள்ளை பாஸானவர்களுக்கு மட்டுமே வாய்க்கும்.

ரசிகையாக இருப்பதில் சங்கடங்களும் உண்டு. திரைப்படத்தில் வாஷ் இறந்துபோகிறான். பெரிய ஆபத்திலிருந்து கலத்தைப் பத்திரமாக இறக்கிவிட்டு, மூச்சு விடும் நேரத்தில். இருபது முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். இன்னொரு சங்கடம் திரைக்கு வெளியே. ஜாஸ் வீடனோடு வேறு தொடர்களிலும் படங்களிலும் வேலை செய்த நடிகர்கள் சிலர், படப்பிடிப்புத் தளத்தில் தங்களை மோசமாக நடத்தினார் என்று 2020, 2021ஆம் ஆண்டுகளில் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார்கள். பலவற்றை அவர் மறுத்தார். நான் நேசித்த ஒன்பது பேரை எழுதியவர்மீது இப்படிப் புகார்கள் வந்த பின் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஜேனின் சிலை நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கலத்தை ஒருவர் மட்டும் கட்டவில்லை. டிம் மினியர் எழுதினார், எட்மன்சன் இசை தந்தார், ஒன்பது பேர் நடித்தார்கள். அவர்கள் உழைப்பையும் சேர்த்துப் பரணில் போட எனக்கு மனம் வரவில்லை.

'நல்லவேளை, பதினான்கோடு நின்றது. ஓடியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்' என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் சம்மதமில்லை. முதல் எபிசோடில் ஆபத்து நெருங்கும்போது இனாரா ஒரு ஊசி மருந்தைக் கையில் எடுக்கிறாள். எதற்கு? தொடர் சொல்லவில்லை. பாதிரியார் புக் துப்பாக்கியை இவ்வளவு லாவகமாகப் பிடிக்கிறாரே, எங்கே கற்றார்? அதற்கு விடை 2010ல் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தில்தான் வந்தது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் பதிற்றுப்பத்தை எட்டுப் பத்தாகத்தான் படித்தோம். முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. 'நல்லவேளை' என்று எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. அதாவது எழுதப்பட்டுத் தொலைந்தது. இது எழுதப்படாமலே தொலைந்தது.

ஒரு தபால் அட்டை

இவ்வளவு ஈடுபாடு ஏன் என்று தம்பி ஒரு முறை கேட்டான். மூடப்பட்ட என் பத்திரிகையில் ஒரு ஹிந்தி நாவலைத் தொடராகத் தமிழில் தந்துகொண்டிருந்தேன். 23 வாரம் வந்தது. 24வது வாரம் பத்திரிகை இல்லை. கதாநாயகி கையில் டிக்கெட்டோடு ரயில் நிலையத்தில் நின்றது நின்றபடி.

கடைசி வாரக் கணக்கு வழக்கை முடிக்க அலுவலகம் போனபோது ஒரு தபால் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு வாசகர், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புகார் எதுவும் இல்லை. அந்தப் பெண் ரயில் ஏறினாளா இல்லையா என்று மட்டும் கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியும். மூல நாவல் முழுசாக என் மேஜையில் இருந்தது. ஆனால் வேலை போன ஆத்திரத்தில், நமக்கென்ன வந்தது என்று அட்டையை ஒரு அகராதிக்குள் செருகிவிட்டேன்.

பதினான்காம் இரவு, ரிவரும் கெய்லியும் காய் அள்ளி முடித்து திரை இருண்ட பிறகுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது. இனாராவின் ஊசியைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடிய ஒரு கதையை நானே அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

மறுநாள் உட்கார்ந்து மீதிக் கதையை எழுதினேன். சுருக்கமாக அல்ல, அத்தியாயம் அத்தியாயமாக, வரிசை மாறாமல். எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. தடித்த உறையில் போட்டு ஜாம்ஷெட்பூர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அனுப்பிய உறை திரும்பியும் வரவில்லை. படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.